வங்குரோத்தும் கூட்டுக் கணக்கும்

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் மீன், பலசரக்கு வியாபாரம் செய்வோர் பலர் மனைவி பெயரையும் சேர்த்தே வங்கிக் கணக்கு வைத்திருக்கின்றனர். அவசரத்துக்கு இருவரில் எவரும் காசெடுக்கலாம். வியாபாரம் ஓடும்வரை நல்ல வசதிதான்.

தனிநபர் வங்குரோத்தை மாவட்ட நீதிமன்றத்தில் விசாரிக்க வழிசெய்தது 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வங்குரோத்தானால் கூட்டுக் கணக்கில் கணவருக்குரிய பங்கு கடன்கொடுத்தோருக்குப் போகும். மனைவியின் பணம் மனைவிக்கே. ஆனால் அது மஹர் காசோ, வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பியதோ, துண்டுச்சீட்டு இல்லாவிட்டால் யார் நம்புவார்?

கணக்குத் திறந்தபோது கையொப்பமிட்ட படிவத்தை எடுத்து வாசியுங்கள். ஒருவரின் கடனுக்காகக் கூட்டுக் கணக்கில் கழித்துக்கொள்ள வங்கிக்கு அதில் உரிமை கொடுத்திருக்கக்கூடும். மேலதிகப்பற்று இருந்தாலோ, முழுத்தொகையையும் மனைவியிடமே கேட்க இடமுண்டு.

மனைவியின் வருமானத்துக்குத் தனிக் கணக்கை இப்போதே திறவுங்கள். கடன் முற்றியபின் அவசரமாக மாற்றும் பணத்தை நீதிமன்றம் திருப்பியெடுக்கலாம்.