வேகமானி முள் விழுந்தால்: சென்சரை மாற்ற முதல் சோதியுங்கள்

கடந்த மாதம் ஏ9 வீதியில் ஓடிக்கொண்டிருந்தபோதே மைத்துனரின் வானில் வேகமானி முள் பூச்சியத்துக்கு விழுந்தது. கிலோமீற்றரும் ஏறவில்லை. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு நோயாளர்களை ஏற்றி இறக்குவதுதான் அவரது பிழைப்பு. வாடகை கிலோமீற்றர் கணக்கு. லீசிங் தவணை எதற்கும் காத்திராது. முதலில் பார்த்த கராஜில் கணினியைப் பூட்டினார்கள். பி0500 என்ற குறியீடு வந்தது. 'சென்சர் போயிட்டுது, புதுசு போடவேணும்' என்றார்கள்.

அந்தக் குறியீடு அப்படிச் சொல்லவில்லை. வேகத் தகவல் சரியாக வந்து சேரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். சென்சரா, வயரா, பிளக்கா என்பதைச் சோதித்துத்தான் அறியவேண்டும்.

இரண்டாவதாகப் போனவர், பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓடவைத்த தலைமுறை. "சாமான் வாங்க முதல் கரண்டைப் பாப்பம் தம்பி" என்று மல்ரிமீற்றரை எடுத்தார்.

இந்த வானில் சென்சர் கியர் பொக்ஸில் இருக்கிறது. மூன்று வயர்கள்: மின்சாரம், ஏர்த், சிக்னல். பிளக்கைக் கழற்றி, எஞ்சினை இயக்காமல் திறப்பை மட்டும் போட்டார். மின்சார முனைக்கும் ஏர்த் முனைக்கும் இடையே 12 வோல்ற் வரவேண்டும் (சில வாகனங்களில் 5). வந்தது பூச்சியம். மீற்றரின் கறுப்பு முனையை எடுத்து வானின் பொடியில் வைத்தார். உடனே 12! மின்சாரம் வருகிறது, ஏர்த் வயர்தான் அறுந்திருக்கிறது. சேறு படும் இடத்தில், உறைக்குள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது.

வயரைப் புதிதாக இணைத்தபின் சென்சரையும் சோதித்தார். முன்சில்லுகளுக்கு அடை வைத்து, பின்சில்லு ஒன்றை ஜக்கில் உயர்த்தி, ஸ்ராண்டும் கொடுத்து (ஜக்கை மட்டும் நம்பவேண்டாம்), கியரை நியூற்றலில் விட்டு, கைப்பிரேக்கைத் தளர்த்தினார். பிளக்கைப் பூட்டி, சிக்னல் வயரில் மீற்றரை வைத்துச் சில்லைக் கையால் மெதுவாகச் சுற்ற, வோல்ற் ஏறி ஏறி இறங்கியது. மின்சாரமும் ஏர்த்தும் சரியாக இருந்தும் அது அசையாவிட்டால், சிக்னல் வயரைப் பார்த்த பிறகே சென்சரைச் சந்தேகிக்கலாம்.

இரண்டு வயர் சென்சருக்கு இது பொருந்தாது. அதற்கு ஓம்ஸ் அளவையும், சில்லைச் சுற்றும்போது வரும் ஏசி வோல்ற்றையும் பார்க்கவேண்டும். சரியான அளவு வாகனக் கைநூலில் இருக்கும்.

முள் விழுந்து கிடந்த ஒன்பது நாட்களின் ஓட்டத்தை மைத்துனர் கொப்பியிலிருந்து கூட்டி எடுத்தார். அடுத்த ஒயில் மாற்றத்துக்கு அதையும் சேர்க்கவேண்டுமே.