உங்களுக்குத் தெரியுமா? பிறை, நட்சத்திரம், சிலுவை சேர்ந்த வினைச்சொல்

ஆங்கிலத்தில் ‘கோ-எக்ஸிஸ்ட்’ (coexist) என்றால் ஒரே காலத்தில், ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது. யாரோடு என்று சொல்ல ‘வித்’ போட வேண்டும். ஒரே நோயாளிக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருந்தால்கூட மருத்துவர்கள் இந்தச் சொல்லை எழுதுவார்கள். மனிதர்களைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் பொருள் இதுதான்: வேற்றுமை தீராவிட்டாலும் சண்டை போடாமல் வாழ்வது. நட்பு கட்டாயமில்லை.

நாடுகளுக்கிடையிலும் இதே கருத்து பேசப்பட்டது: 1954 ஏப்ரலில் இந்தியாவும் சீனாவும் கையெழுத்திட்ட பஞ்சசீல ஒப்பந்தத்தின் ஐந்தாவது கொள்கை ‘அமைதியான சகவாழ்வு’. எட்டே ஆண்டுகளில் இரு நாடுகளின் எல்லையில் போர் மூண்டது வேதனை.

‘கோ-எக்ஸிஸ்ட்’ என்ற வினைச்சொல்லை உலகமே கண்ணால் பார்த்தது 2000-க்குப் பிறகு. ஜெருசலேமின் ‘மியூசியம் ஆன் தி சீம்’ நடத்திய போட்டிக்காகப் போலந்து ஓவியர் பியோத்ர் ம்வோதோஜெனியெட்ஸ் அந்தச் சொல்லையே ஒரு சுவரொட்டியாக வரைந்தார். முதலெழுத்தான ‘சி’ இஸ்லாமியப் பிறை; நட்டநடுவே வரும் ‘எக்ஸ்’ யூதர்களின் தாவீது நட்சத்திரம்; கடைசி ‘டி’ கிறிஸ்தவச் சிலுவை. மூன்றில் எதை எடுத்தாலும் சொல் உடைந்துவிடும். எவ்வளவு அருமையான யோசனை! அந்த அருங்காட்சியகம் நிற்கும் இடமும் சாதாரணமானதல்ல. 1948 முதல் 1967 வரை நகரத்தை இரண்டாகப் பிரித்த எல்லைக் கோட்டில், ராணுவக் காவல் நிலையாக இருந்த கட்டடம் அது.

2005-இல் ‘யு2’ இசைக்குழுவின் போனோ இந்தச் சொல் எழுதிய தலைப்பட்டையைக் கட்டிக்கொண்டு மேடையேறினார். அமெரிக்காவில் கார்களின் பின்பக்க ஸ்டிக்கராகவும் பரவியது. மீதி எழுத்துகளிலும் வேறு சமயச் சின்னங்களும் சமாதானச் சின்னமும் புகுந்துவிட்டன.