தற்செயலும் தளராத நம்பிக்கையும்



நெடுநாள் காணாத நண்பரை நினைத்த சற்று நேரத்தில் அவரே வாசலில் வந்து நிற்பதுண்டு. இத்தகைய நிகழ்வுகளைக் கண்டு சிலர் வியக்கின்றனர். சிலரோ சகுனமெனக் கருதிக் குறி கேட்க ஓடுகின்றனர்.

உண்மையில், தற்செயல் நாம் எண்ணுவதைவிடச் சாதாரணமானது. ஓரிடத்தில் 23 பேர் கூடியிருந்தால், அவர்களுள் இருவருக்கேனும் பிறந்த நாள் ஒன்றாக அமையும் வாய்ப்பு பாதிக்கும் சற்று அதிகம். ஆண்டுக்கு 365 நாட்கள் இருக்க இது எவ்வாறு இயலும்? 23 பேரை இருவர் இருவராக ஒப்பிட்டால் 253 இணைகள் உண்டு. ஒப்பீடுகள் பெருகப் பெருக ஒற்றுமைக்கான வாய்ப்பும் பெருகுகிறது. நினைத்தும் வராத நண்பர்களை நாம் கணக்கில் கொள்வதில்லை. வந்தவரே நினைவில் நிற்கிறார்.

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அக்குழந்தையின் மறைவே காரணம் என மக்கள் பேசினர். மகனைப் பறிகொடுத்த துயரத்திலும் நபியவர்கள் அதனை ஏற்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை எனத் தெளிவுபடுத்தி, மக்களைத் தொழுகையின்பால் திருப்பினார்கள்.

அவ்வாறாயின், எதிர்பாராத நிகழ்வுகள் நமக்குக் கற்பிப்பது யாது? திருக்குர்ஆனின் 12-ஆம் அத்தியாயத்தைச் சிந்தியுங்கள். தண்ணீர் தேடி வந்த பயணக்கூட்டத்தின் வாளி, கிணற்றில் கிடந்த சிறுவர் யூஸுஃபை (அலை) மேலே கொணர்ந்தது. மன்னர் கண்ட கனவு, அவரை மறந்துபோயிருந்த சிறைத்தோழருக்கு நினைவூட்டியது. மனிதப் பார்வைக்குத் தற்செயல். ஈமான் கொண்டோருக்கு அல்லாஹ்வின் ஏற்பாடு. எனினும் அந்த ஏற்பாட்டின் வழிகளை மனிதர் தாமாக முன்கூட்டியே அறிவதில்லை.

யஃகூப் (அலை) அவர்கள் அழுது அழுது கண்ணொளி இழந்தார்கள். யூஸுஃபைப் பிரிந்து பல்லாண்டுகள் கழிந்த நிலையில் இன்னொரு மகனையும் பிரிந்தார்கள். அப்போதும், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காது சென்று தேடுமாறே மக்களைப் பணித்தார்கள். கண்ணீர் நம்பிக்கைக்கு முரணன்று. தேடலைக் கைவிடுவதே முரண்.

இல்லத்தில் நோயாளி இருக்கலாம்; மகனுக்கு வேலை கிட்டாதிருக்கலாம். சகுனத்தை எதிர்நோக்கி அமராதீர்கள். மருத்துவத்தைத் தொடருங்கள், மீண்டும் விண்ணப்பியுங்கள், துஆவில் தளராதீர்கள். எந்த வாளி எப்போது இறங்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தளராத உள்ளத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.