கையடக்க பைனாகுலர்: உங்கள் கண்ணுக்கு ஏற்றது எது?

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதங்கள் கழித்துப் பெரியவர் ஒருவர் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். பார்வைப் பலகையின் கடைசி வரி வரை தடையின்றிப் படித்தார். ஆயினும், "ஆபரேஷன் சரியாக அமையவில்லை போலிருக்கிறது, டாக்டர். எல்லாம் இரண்டாகத் தெரிகிறது, தலையும் வலிக்கிறது" என்று வருந்தினார். எப்போது அப்படித் தெரிகிறது என்று வினவினோம். பறவைகளைப் பார்ப்பதற்காக மகன் வாங்கித் தந்த சிறிய பைனாகுலரைப் பையிலிருந்து எடுத்தார். பழுது கண்ணில் இல்லை. அக்கருவியின் இரு குழல்களும் ஒரே திசையை நோக்கவில்லை.

இத்தகைய விலகல் சிறிதளவே இருப்பின், கண் தசைகள் இரு பிம்பங்களையும் இழுத்து ஒன்றாக்கிவிடும். இளம் வயதினர் குறையை உணரவே மாட்டார்கள். ஆனால் அந்த உழைப்பின் விலை, பத்து நிமிடத்தில் தலைவலியாக வந்து சேரும். கடையிலேயே இதனைச் சோதிக்கலாம். தொலைவிலுள்ள கட்டடத்தின் மொட்டைமாடி விளிம்பைப் பார்த்தபடியே, கருவியைக் கண்ணிலிருந்து நான்கைந்து அங்குலம் மெல்ல விலக்குங்கள். அந்த விளிம்பு ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் தெரிந்தால், அக்கருவியை வாங்க வேண்டாம்.

கருவியின் மீது 8×21, 10×25 என்று எழுதியிருப்பார்கள். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண், முன்பக்க வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண்ணுக்குள் வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×21இல் அது ஏறத்தாழ 2.6 மி.மீ.; 10×25இல் 2.5; 8×25இல் 3.1, 8×32இல் 4. பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி 2 முதல் 3 மி.மீ. வரை சுருங்கியிருப்பதால், நண்பகலில் இவை அனைத்தும் ஏறக்குறைய ஒரே ஒளியைத்தான் தரும். வேறுபாடு வசதியில் இருக்கிறது. வட்டம் சிறியதாயின், கண் இம்மியளவு நகர்ந்தாலும் காட்சி கறுத்து மறையும். நடுங்கும் கைகளுக்கு இது பெருந்தொல்லை. 10 மடங்கு உருப்பெருக்கம் அந்த நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். ஆகவே பெரும்பாலோருக்கு 8×25 போதும் என்பது எங்கள் கருத்து. நெடுநேரம் அமர்ந்து பார்ப்பவர்கள் 8×32 வாங்கலாம். அது சட்டைப்பையில் அடங்காது, அவ்வளவே.

சாலையோரக் கடைகளில் "30×60" என்று அச்சிட்ட சிறு கருவிகள் கிடைக்கின்றன. முன் வில்லையின் மீது ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள், 60 மி.மீ. இராது. முன் வில்லையில் பளபளக்கும் செந்நிறப் பூச்சும் தரத்தின் அடையாளமன்று. அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதால், காட்சி பச்சை படர்ந்து தெரியும். பூச்சற்ற கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 விழுக்காடு ஒளியை எதிரொளிக்கும்; உள்ளே பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வீணாகும். எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உள்ளதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மூக்குக்கண்ணாடி அணிவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. கண்ணருகு வில்லையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கண் இருந்தால் முழுக்காட்சியும் தெரியும் என்பதைக் கையேட்டில் குறித்திருப்பார்கள். அது 15 மி.மீ.க்குக் குறைந்தால், கண்ணாடியுடன் பார்க்கையில் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படும். வெறும் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் உடையவர்கள், பவர் மிக அதிகமாக இல்லையெனில், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியச் சக்கரத்தைத் திருப்பிக்கொள்ளலாம். சிலிண்டர் பவர் கணிசமாக உள்ளவர்கள் கழற்றக் கூடாது. அக்குறையை எந்தச் சக்கரமும் சரிசெய்யாது. படிப்பதற்கு மட்டும் அணியும் கண்ணாடி இங்கே உதவாது.

ஒரு கண்ணில் மட்டும் புரை நீக்கியவர்களுக்கு இரு கண்களின் பவரும் வேறுபட்டிருக்கலாம். வலப்புற முன் வில்லையை உள்ளங்கையால் மூடி, இடக்கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பின்னர் இடப்புறத்தை மூடி, வலக்கண்ணருகே உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். பெரும்பாலான கருவிகளில் அமைப்பு இதுவே. விரல் மூட்டு வலி உள்ளவர்கள், இரண்டு மடிப்புகள் கொண்டவற்றைவிட ஒற்றை மடிப்புடையதைத் தேர்வது எளிது.

விழித்திரையின் மையப்பகுதி பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு ஒரு கண்ணே நன்றாக உழைக்கிறது. அவர்களுக்கு இரு குழல் தேவையில்லை. 4×12 போன்ற ஒற்றைக்குழல் தொலைநோக்கி, பேருந்தின் எண்ணையும் மேடையில் ஆடும் பேத்தியின் முகத்தையும் காட்டும். நின்றோ அமர்ந்தோ பார்க்க வேண்டும். நடந்துகொண்டே பார்த்தால் விழ நேரிடும். கிளாக்கோமாவால் பக்கப்பார்வை சுருங்கியவர்களுக்கு எந்தத் தொலைநோக்கியும் பார்வைப் பரப்பை மேலும் குறுக்கிவிடும் என்பதால், வாங்கும் முன் எங்களிடம் கேளுங்கள். எவராயினும், சூரியனை இதன்வழி ஒரு கணமும் பார்க்கலாகாது. விழித்திரை வலியின்றியே வெந்துவிடும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பைனாகுலர் இருப்பின், அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது அதனையும் கொண்டு வாருங்கள்.