வீட்டு அலாரம்: எந்தக் கருவி எந்த ஸோனில் இருக்க வேண்டும்?

ஜூரோங் வட்டாரத்தில் அடுக்குமாடி வீடானாலும் தரைவீடானாலும், பள்ளி விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புமுன் திருட்டு அலாரம் பொருத்த நினைப்போர் உண்டு. கருவியை வாங்குவது எளிது. அதன் ‘ஸோன்’களைச் சரியாக அமைப்பதில்தான் கவனம் தேவை.

வாசல் கதவில் உள்ள காந்த உணர்கருவி, சமையலறை ஜன்னல், வரவேற்பறையில் நடமாட்டத்தை அறியும் கருவி என ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்படும். அதுவே ஸோன். அந்த ஸோன் எப்போது ஒலிக்க வேண்டும் என்பதை நாம்தான் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். பொதுவாக நான்கு வகைகள் உள்ளன.

தாமத ஸோன்: வாசல் கதவுக்கு உரியது. கதவைத் திறந்தபின் ரகசிய எண்ணை அழுத்தச் சிறிது அவகாசம் தரும். 30 வினாடி பெரும்பாலும் போதும். முதியவர் இருந்தால் சற்றுக் கூட்டலாம்.

உடனடி ஸோன்: ஜன்னல், பின்கதவு ஆகியவற்றுக்கு. திறந்த மறுகணமே ஒலிக்கும்.

உட்பகுதி ஸோன்: நடமாட்டக் கருவிகளுக்கு. வாசல் கதவு வழியாக வந்தால் அந்த அவகாசம் முடியும்வரை காத்திருக்கும்; வேறு வழியில் நுழைந்தால் உடனே ஒலிக்கும். ‘வீட்டில் இருக்கிறோம்’ என்ற நிலையில் இது செயல்படாது. எனவே, பாட்டி இரவில் கழிவறைக்குச் சென்றாலும் அலாரம் அலறாது. இந்த அமைப்பில் தவறினால், தொல்லை தாங்காமல் குடும்பத்தினர் அலாரத்தையே அணைத்துவிடுவர்.

24 மணி நேர ஸோன்: அவசர பொத்தானுக்கு உரியது. புகை உணர்கருவிக்குத் தீ ஸோன் தனியாக இருந்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வகையில் சேர்க்கலாம்.

கடைசி வகையில் பிழை நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. புகைக் கருவியை உடனடி ஸோனில் சேர்த்துவிட்டால், அலாரம் இயக்கப்பட்டிருக்கும்போது மட்டுமே அது ஒலிக்கும். அனைவரும் வீட்டில் இருக்கையில் சாமி அறை விளக்கிலிருந்து திரைச்சீலை தீப்பற்றினாலும் பெட்டி மௌனமாக இருக்கும். 2018 ஜூன் 1 முதல் சிங்கப்பூரில் புதிய வீடுகளுக்குத் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். திருட்டு அலாரம் இருப்பதால் அதைக் கழற்றிவிடக் கூடாது.

கம்பியில்லாக் கருவிகளின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தடித்த கான்கிரீட் சுவர் கொண்ட ‘பாம் ஷெல்டரில்’ வைக்காதீர்கள், சமிக்ஞை குறையும். பணிப்பெண்ணுக்குத் தனி ரகசிய எண் கொடுங்கள். பொருத்துபவர் பயன்படுத்திய தொடக்க எண்ணை மாற்றச் சொல்லுங்கள். ஸோன் எண்களையும் அவை இருக்கும் இடங்களையும் தாளில் எழுதிப் பெட்டி அருகே ஒட்டாமல் அலமாரிக்குள் வையுங்கள்.

பிறகு சோதனை நிலையில் வைத்து, ஒவ்வொரு கதவையும் திறந்து பாருங்கள். ஒவ்வோர் அறையிலும் நடந்து பாருங்கள். மாதம் ஒருமுறை இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். அலாரம் ஒலித்து, யாரோ உள்ளே இருப்பதாகத் தெரிந்தால் வீட்டுக்குள் நுழையாமல் 999ஐ அழையுங்கள். தீ என்றால் 995.