பாறை மண்ணாகி நிற்கும் மலை

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் பாதையில், ரோட்டுக்காக மலையை வெட்டிய இடங்களில் நீலகிரியின் உள்வயிறு தெரியும். மேலே தேயிலை வேர் ஓடிய ஓரடிக் கறுப்பு மண். கீழே ஆள் உயரத்தையும் தாண்டிய செம்மண். அதற்கடுத்து மஞ்சளும் வெள்ளையுமாக வழவழப்பான களி. அடியில் தெரிவது பார்வைக்குப் பாறைதான். கல்லின் வரிகள்கூட அழியாமல் இருக்கும். விரலால் நிமிண்டினால் பழைய ரஸ்க் மாதிரி பொலபொலவென உதிரும். இடையிடையே மக்காமல் மிஞ்சிய உருண்டைக் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும்.

மலை என்றதும் கெட்டிக் கல் என்றே நினைத்துக்கொள்கிறோம். நீலகிரியில் இப்படி மக்கிய பாறை சில இடங்களில் 40 மீட்டர் ஆழம் வரை போகிறது. தேயிலைத் தோட்டமும் பள்ளிக்கூடமும் மாடி வீடும் நிற்பது அதன்மேல்தான்.

இதன் தாய்ப்பாறை சார்னோக்கைட். பல்லாவரத்தில் கிடைப்பதும் இந்த இனம்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் சமாதியில் இந்தக் கல் இருந்ததால், ஹாலண்ட் என்ற புவியியலாளர் அவர் பெயரையே சூட்டினார். உளி மழுங்கும் அளவுக்கு உறுதியான கல். ஆனால் மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறையின் வெடிப்புகளில் மெல்ல இறங்குகிறது. ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாக மாறுகிறது. இரும்புச் சத்து துருப்பிடித்துச் சிவக்கிறது. செம்மண்ணின் நிறம் அந்தத் துருதான். லட்சக்கணக்கான ஆண்டுகளாக மழை செய்துவந்த வேலை இது. அப்படி மக்கவைத்த மண்ணைச் சில மணி நேரத்தில் கீழே இறக்குவதும் அதே மழைதான்.

எப்படி என்பதை மெரினாவில் மணல் வீடு கட்டும் குழந்தைக்குத் தெரியும். காய்ந்த மணலில் சுவர் நிற்காது. ஈர மணலில் செங்குத்தாகவே நிற்கும். துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சம் நீர் அவற்றை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் சுவர் உட்கார்ந்துவிடும். மலைச்சரிவிலும் இதுதான் நடக்கிறது. மண் நனைந்து கனத்துப்போவதால் சரிகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான். இடுக்குகள் முழுவதும் நீர் நிரம்பியதும் அந்த நீரின் அழுத்தம் துகளைத் துகளிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. சரிவைத் தாங்கி நின்ற உராய்வு குறைந்துவிடுகிறது. செம்மண்ணில் வேகமாக இறங்கும் நீர் அடியிலுள்ள களியைத் தாண்ட முடியாமல் அங்கேயே தேங்குவது இன்னும் மோசம். மேலே இருக்கும் மொத்த மண்ணும் அந்த வழுக்கல் மேல் உட்கார்ந்திருக்கும்.

2009 நவம்பர் 10 அன்று நீலகிரியின் கேத்தியில் பதிவான 24 மணி நேர மழை 82 சென்டிமீட்டர். சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல். குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மழை அளவு மட்டும் கணக்கல்ல. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் கொட்டியது. அங்கேயும் சரிவுகள் விழுந்தன. ஆனால் கேத்திபோல வீடுகள் அடுக்கடுக்காக இல்லாததால் உயிரிழப்பு குறைவு. சரிவின் அடிக்காலை வெட்டி வீடு கட்டியதா, ஓடை பாயும் வழி அடைபட்டதா, சோலைக்காட்டு ஆழ வேர்கள் போய்விட்டனவா என்பதெல்லாம் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன. முந்தைய நாட்களின் மழையும் உண்டு. வாரக்கணக்கில் ஊறிய மலைக்கு, கடைசியில் ஒரு சாதாரண மழையே போதும்.

மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு தேயிலைத் தொழிலாளரின் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகள் புதைந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் கயத்தாறுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தினர். வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை 2024 ஜூலை 30 விடியற்காலையில் மூழ்கடித்த சேறும் பாறையும் சுமார் 8 கிலோமீட்டர் ஓடின. சரிவு தொடங்கிய இடத்தில் ஏற்கெனவே ஒரு பழைய சரிவின் தழும்பு இருந்தது. ஒருமுறை சரிந்த இடம் மறுபடி சரியக்கூடியது என்பதை நாம் ஏன் இத்தனை சுலபமாக மறக்கிறோம்?

வயநாட்டுத் துயரத்துக்கு 11 நாள் முன்புதான், ஜூலை 19 அன்று, இந்தியப் புவியியல் ஆய்வு மையம் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் தொடங்கியது. முதலில் தினசரி அறிவிப்பு பெற்றவை மூன்றே மாவட்டங்கள்: டார்ஜிலிங், காலிம்போங், நீலகிரி. வயநாடு அந்தப் பட்டியலில் இல்லை.

அறிவிப்பு மாவட்டத்துக்குத்தான் வரும். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மண்மேட்டுக்கு வராது. அதை அங்கே குடியிருப்பவர்தான் கவனிக்க வேண்டும். தரையில் புதுப் பிளவு, நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இறுகுவது, தெளிந்து வந்த ஊற்று திடீரெனக் கலங்குவது, ஓடையில் மழை குறையாமலே நீர் குறைவது எல்லாம் இடம்விட்டு வெளியேறச் சொல்லும் அடையாளங்கள். தடுப்புச் சுவரில் நீர் வடிய விட்டிருக்கும் குழாய்களையும் பார்க்க வேண்டும். அடைமழையில் அக்கம்பக்கத்துச் சுவர்க் குழாய்களெல்லாம் கொட்டிக்கொண்டிருக்க, ஒரு சுவரில் மட்டும் அவை காய்ந்து கிடந்தால், நீர் அந்தச் சுவருக்குப் பின்னால் தேங்கிக்கொண்டிருக்கலாம். நடுராத்திரி என்றாலும் அந்தச் சுவருக்கு மேலும் கீழும் இருக்கும் வீடுகளின் கதவைத் தட்டிவிட வேண்டும்.