உங்கள் ஊர் எத்தனையாவது டிகிரி?

(வானொலியில் ஒலிபரப்பான உரை)



கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு விவசாயி என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பிடி வெங்காயத் தாள். "ஐயா, குளிர்நாட்டு வெங்காய விதைன்னு வாங்கி அரை ஏக்கர் போட்டேன். ஒவ்வொரு காயும் கால் கிலோ தேறும்னாங்க. தாள் முழங்கால் உயரம் வந்திருக்கு. அடியிலே காய் திரளவே இல்லை. உரம் பத்தலையா?" என்று கேட்டார்.

உரத்திலே குறையில்லை, தண்ணீரிலும் குறையில்லை. அந்த விதைக்கு அவருடைய ஊர்ப் பகல் போதவில்லை. "பகல் போதாதா? இது என்ன புதுக் கதை?" என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஒரு பூசணிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் பூமி. காம்பு வடதுருவம். நடு வயிற்றைச் சுற்றி ஒரு கயிறு கட்டினால் அது பூமத்திய ரேகை. கயிற்றிலிருந்து காம்பு வரைக்கும் 90 பங்காகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பங்கு ஒரு டிகிரி. தரையிலே அளந்தால் ஒரு டிகிரி ஏறக்குறைய 111 கிலோமீட்டர். ஓர் ஊர் எத்தனையாவது டிகிரியில் இருக்கிறதோ, அதுதான் அந்த ஊரின் அட்சரேகை.

கன்னியாகுமரி 8 டிகிரி. தஞ்சாவூர் 11-க்குச் சற்றுக் குறைவு. சென்னை 13. டில்லி 28½. இதை 111-ஆல் பெருக்கினால் பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். கன்னியாகுமரி சுமார் 900 கிலோமீட்டர். தஞ்சாவூர் சுமார் 1,200. டில்லி 3,100-க்கும் மேலே.

கருவி எதுவும் இல்லாமல் நீங்களே இதை அளந்து பார்க்கலாம். சித்திரை மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வெட்டவெளியில் வடக்கே பார்த்து நில்லுங்கள். சப்தரிஷி மண்டலம் தெரியும். அதில் பெட்டி மாதிரி நாலு நட்சத்திரம், பிறகு வால் மாதிரி மூன்று. பெட்டியில் வாலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற இரண்டையும் சேர்த்து மனசிலே ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டை அடிவானத்துப் பக்கமாக, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம். இப்போது கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்குங்கள். முஷ்டியின் உயரம் சுமார் 10 டிகிரி. தஞ்சாவூர்க்காரருக்கு அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம் நிற்கும். டில்லிக்காரருக்குக் கிட்டத்தட்ட மூன்று முஷ்டி உயரத்தில் நிற்கும். வடக்கே ஒரு டிகிரி போனால் அதுவும் ஒரு டிகிரி உயரும். அவ்வளவுதான் கணக்கு.

சரி, இதற்கும் வெங்காயத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனி மாதத்தில் சூரியன் வடக்கே ஒதுங்கி உதிப்பதையும் மார்கழியில் தெற்கே ஒதுங்கி உதிப்பதையும் பார்த்திருப்பீர்கள். பூமி 23½ டிகிரி சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுவதால் வருகிற மாற்றம் அது. பூமத்திய ரேகையில் வருஷம் பூரா பகல் சுமார் 12 மணி நேரம்தான். அங்கிருந்து தள்ளிப் போகப் போக, கோடைப் பகல் நீளும், குளிர்காலப் பகல் குறுகும். தஞ்சாவூரில் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12¾ மணி. மிகக் குறுகியது 11½ மணி. டில்லியில் கோடைப் பகல் 14 மணியைத் தொடும். 51½ டிகிரியில் இருக்கிற லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணிக்கும் மேலே.

நம் பக்கத்து வெங்காய ரகங்களுக்கு 11, 12 மணிப் பகல் இருந்தால் காய் திரளும். குளிர்நாட்டு ரகங்கள் பலவற்றுக்கு 14 மணியும் அதற்கு மேலும் வேண்டும். நம் ஊரில் ஆனி மாதத்தில்கூடப் பகல் 13 மணியைத் தொடுவதில்லை. அப்புறம் அந்தப் பயிர் தாள் விட்டுக்கொண்டே நிற்காமல் என்ன செய்யும்?

"கொடைக்கானலில் குளிர் இருக்கிறதே, அங்கே போட்டால்?" என்று கேட்கலாம். கொடைக்கானல் குளிர்வது உயரத்தினால். பகல் நீளத்தில் மலைமேல் கொடைக்கானலும் அடிவாரத்துப் பழனியும் ஏறக்குறைய ஒன்றுதான். உயரம் குளிரைக் கொடுக்கும், பகலை நீட்டாது.

நெல்லுக்குக் கணக்கு தலைகீழ். பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் பல, பகல் குறுகி இரவு நீளும்போதுதான் கதிர் கட்டும். அதனால்தான் ஆடியில் விதைத்ததும் ஆவணியில் விதைத்ததும் கொஞ்ச நாள் வித்தியாசத்தில் பூக்கின்றன. அதே விதையைத் தையிலே விட்டால் பகல் நீண்டுகொண்டே போகும். பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும், கதிர் வராது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னதில் மழைக் கணக்கோடு பகல் கணக்கும் சேர்ந்தே இருக்கிறது. 1966-இல் வந்த ஐ.ஆர். 8, பிறகு குறுவைக்கு வந்த ஆடுதுறை 36 போன்ற ரகங்கள் பகல் நீளத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. அதனால்தான் ஒரே நிலத்தில் இரண்டு மூன்று போகம் எடுக்க முடிகிறது.

ஆகவே தூரத்து விதை ஏதாவது கைக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த ஊரில் நன்றாக விளைந்த ரகம்? எந்த மாதம் விதைத்தார்கள்? பகல் நீளம் பார்க்கிற ரகமா, பார்க்காததா? பதில் தெரியாவிட்டால் விவசாய ஆபீசில் விசாரியுங்கள். அப்படியும் ஆசை விடவில்லை என்றால் முதலில் ஒரே ஒரு பாத்தியில் போட்டுப் பாருங்கள்.

அந்த விவசாயி தாளை அறுத்துச் சந்தைக்கு அனுப்பினார். விதைக் காசுகூடத் திரும்பவில்லை. ஒரு பாத்தியோடு நிறுத்தியிருந்தால் நஷ்டமும் ஒரு பாத்தியோடு போயிருக்கும்.